முப்பத்தெட்டாவது நாள்

"முதல்ல அந்த டிரைவரை பஸ்ஸை விட்டு இறக்குங்க சார். மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்."

பள்ளிக்கூடத்தின் போக்குவரத்துப் பொறுப்பாளர் நாற்காலியைக் காட்டியும் சிட்டுவின் அம்மா உட்காரவில்லை.

"என்னம்மா ஆச்சு? பொறுமையா சொல்லுங்க."

"எந்நேரமும் வாயில எதையோ போட்டு மென்னுக்கிட்டேதான் ஓட்டறார். இன்னிக்குக் காலையில சட்டைக் கையை மடிச்சு விட்டிருந்தார். தோளுக்குக் கீழே பிளாஸ்திரி மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கு. போதை மருந்தை இப்பல்லாம் அப்படித்தான் ஒட்டிக்கறாங்களாம். நாற்பது குழந்தைங்க போற வண்டி சார்!"

டிரைவருக்கு ஆள் போனது. கழுவிய கையை ஈரத்தோடு பேண்ட்டில் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நிக்கோடின் பேட்ச் சார். சிகரெட்டை விடறதுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது. அதையும் மீறித் தவிப்பு வந்தா மெல்றதுக்குத்தான் இந்தச் சூயிங்கம்."

பொறுப்பாளர் சீட்டை இரண்டு தடவை படித்தார். "சரிதாம்மா. இது போதை மருந்து இல்ல. வண்டி ஓட்டத் தடையில்லைன்னும் டாக்டர் எழுதியிருக்கார்."

சிட்டுவின் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் வந்த வேகத்துக்கு அப்படியே திரும்பிப் போகவும் மனசு வரவில்லை.

"அப்போ சிகரெட் பிடிக்கற ஆள்தானே நீங்க?"

"பிடிச்சுக்கிட்டு இருந்தேம்மா. விட்டு இன்னியோட முப்பத்தெட்டு நாளாச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"இருபத்தாறு வருஷம்."

"இருபத்தாறு வருஷம் விடாதவர் இப்ப எதுக்குத் திடீர்னு விடறீங்க?"

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, "வயசாகுதுல்லம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"கேட்டீங்களா சார்? இன்னிக்கு ஒட்டிக்குவார். நாளைக்கே பிச்சுப் போட்டுட்டுப் பத்த வைப்பார். என் பொண்ணு இழுப்பு இருக்கற குழந்தை. எழுத்துலயே புகார் கொடுக்கறேன்."

கொடுத்தாள். பொறுப்பாளருக்கு வேறு வழியில்லை. விசாரணை முடியும்வரை டிரைவருக்கு ஷெட்டில் பஸ் கழுவுகிற வேலை.

டிரைவர் சாவியை மேஜைமேல் வைத்தார். "கிளச் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். புதுசா வர்றவர்கிட்ட சொல்லிடுங்க சார்."

மறுநாள் சாயங்காலம் வேறொரு டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சிட்டுவைக் கைபிடித்து இறக்கிவிட்ட பஸ் ஆயா, வழக்கம்போல் சிரிக்கவில்லை.

"என்ன ஆயா, முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா." படியில் கால் வைத்தவள் திரும்பவும் இறங்கி வந்தாள். "சொல்லாம இருந்தா எனக்குத் தொண்டையில சோறு இறங்காது. ரெண்டு மாசம் முன்னாடி உங்க பொண்ணு பஸ்ல ஏறும்போது, 'டிரைவர் மாமா, உங்க சட்டை வாசனையில எனக்கு மூச்சு முட்டுது'ன்னா. குழந்தை பேச்சுதானேன்னு நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல. மறுநாள்லேருந்து வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி சட்டை மாத்த ஆரம்பிச்சார். அப்பவும் குழந்தை இருமுச்சு. பேசாம டாக்டர்கிட்ட போயிட்டார்."

சிட்டுவின் அம்மா மகளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"முதல் வாரம் மனுஷன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தலைவலி, தூக்கம் கிடையாது, யார் பேசினாலும் எரிஞ்சு விழுவார். 'நடுங்கற கையால குழந்தைங்க வண்டியைத் தொட மாட்டேன்'னு அஞ்சு நாள் லீவு போட்டார்."

"இதை ஏன் நேத்து என்கிட்ட சொல்லல அவர்?"

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். 'இத்தனை நாள் என் சட்டைப் புகையைத்தான் அந்தக் குழந்தை இழுத்துக்கிட்டு வந்துச்சுன்னு தெரிஞ்சா, பெத்த வயிறு தாங்குமா? விடு'ன்னுட்டார்."

பஸ் கிளம்பிப் போய்விட்டது. சிட்டுவின் அம்மா நடைபாதையிலேயே நின்று பொறுப்பாளருக்குப் போன் போட்டாள். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

"வாபஸ்னு நீங்க எழுதி அனுப்பிட்டாப் போதும்மா" என்றார் அவர். "காலையில அவரையே வண்டி எடுக்கச் சொல்லிடறேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் முகம்கூடக் கழுவாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். 'விவரம் தெரியாமல் அவசரப்பட்டது என் தவறு. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன்' என்று எழுதும்போது எழுத்து கலங்கித் தெரிந்தது.

சிட்டு பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னம்மா எழுதறே?"

"டிரைவர் மாமா மேல அம்மா புகார் கொடுத்தேன்ல, அது வேண்டாம்னு எழுதறேன்டா கண்ணு. நாளைக்கு அவர் வந்துடுவார்."

"எதுக்கும்மா புகார் கொடுத்தே?"

"அவர் சிகரெட் பிடிக்கறவர்னுதான். அந்தப் புகை உனக்கு ஆகாதில்லையா?"

அப்பா ஆபீசிலிருந்து வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு, போகிற போக்கில் சிட்டுவின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, நேராக பால்கனிக்குப் போனார். லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது. திறந்திருந்த கதவு வழியாகப் புகை மெல்லக் கூடத்துக்குள் வந்தது.

சிட்டு பால்கனியைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவின் பேனாவைப் பார்த்தாள்.

"அப்போ அப்பா மேல ஏம்மா நீ புகார் எழுதவே இல்ல?"