நூற்றுக்கு எழுபத்தாறு

அந்தப் பெண்ணுக்கு நுரையீரல் சரியில்லை என்று மெஷின் மூன்றாவது தடவையாகச் சொன்னது. பதினேழு வயது. மூக்கில் கிளிப்பும் வாயில் குழாயுமாகக் கண் கலங்க உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் ஊது! விடாத! ஊது, ஊது!” என்று கத்தியவர் டெக்னீஷியன் இல்லை, பெண்ணின் அப்பா. அவர் போட்ட சத்தத்தைக் குழாய்க்குள் போட்டிருந்தால் மெஷினே கழன்று விழுந்திருக்கும்.

“சார், அவங்க ஊதி முடிச்சாச்சு. மூணு தடவையும் ஒரே அளவுதான்,” என்றாள் டெக்னீஷியன். “நூத்துக்கு எண்பதாவது வரணும். எழுபத்தாறு வந்திருக்கு.”

“எழுபத்தாறா? ஃபர்ஸ்ட் கிளாஸாச்சேம்மா! அதுக்கு எப்படி ஃபெயில் போடுவீங்க?”

“இது பரீட்சை இல்ல சார். மூச்சு.”

“எதுவா இருந்தா என்ன? நாலு மார்க்குதானே, பார்த்துப் போடுங்க.”

காலையிலிருந்து இருபது பேரை ஊதவைத்து டெக்னீஷியனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மிச்சமிருந்த குரலை இவருக்காகச் செலவழிக்க அவளுக்கு மனமில்லை.

மெஷினிடம் பேரம் படியாததால் அப்பா பெண்ணின் பக்கம் திரும்பினார். “காலையில நாலு இட்லியாவது சாப்பிட்டுட்டு வான்னேன், கேட்டியா? எந்நேரமும் போனை நோண்டிட்டிருந்தா நுரையீரல் எங்கேர்ந்து வளரும்?” நுரையீரல் வளர்ப்பில் அவருக்கு இவ்வளவு ஞானம் இருப்பது அன்றுதான் வீட்டாருக்கே தெரியும்.

“நான் முழு மூச்சோடதான்பா ஊதினேன்,” என்றாள் அவள்.

கப்பல் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஏழு வயதிலிருந்து அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. கண், காது, ரத்தம் எல்லாம் தேறிவிட்டன. நுரையீரல் சான்றிதழை மட்டும் அன்று ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். மணி நாலே கால்.

“என் பொண்ணுக்கு ஒரு சளி, ஒரு இருமல் கிடையாது. லிஃப்ட் ஓடலைன்னா மூணு மாடி மூச்சு வாங்காம ஏறுவா,” என்று அப்பா மறுபடி ஆரம்பித்தார். அவருக்கு எதிரே சுவரில் ‘அமைதி காகவும்’ என்று ஒட்டியிருந்தது. பேச்சை நிறுத்தாமலே சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, விடுபட்ட ‘க்’கைப் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தார். பிறகு இன்னும் சத்தமாகத் தொடர்ந்தார். “உங்க மெஷின்லதான் கோளாறு!”

“மெஷின் நல்லா இருக்கு சார். உங்க பொண்ணும் நல்லாத்தான் இருக்காங்க.” டெக்னீஷியன் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “அட்டவணையிலதான் கோளாறு.”

“என்ன அட்டவணை?”

“இந்த வயசுல, இந்த உயரத்துக்கு, இவ்வளவு மூச்சு இருக்கணும்னு ஒண்ணு வச்சிருக்கோம். அதோட ஒப்பிட்டுத்தான் மெஷின் சொல்லுது. ரெண்டு வருஷம் முன்னாடி எங்க டாக்டருங்க ஒரு இடத்துக்குப் போய், நோய் நொடி இல்லாத அறுபது பிள்ளைங்களை ஊதவிட்டு அதைத் தயாரிச்சாங்க. ‘சாதாரணப் பிள்ளைங்க போதும்’னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்க. ஆனா கிடைச்ச அறுபதும் நீச்சல் வீரருங்க, ஓட்டப்பந்தயக்காரங்க, பேண்டுல ட்ரம்பெட் ஊதறவங்க. அந்த அளவுக்கு யாரு சார் ஊத முடியும்? போன மாசம்தான் விஷயமே தெரிஞ்சது. புதுசு வர்ற வரைக்கும் நல்லா இருக்கிற பிள்ளைங்கல்லாம் இங்க நோயாளிதான்.”

அப்பா மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். “எந்த மடையன் பண்ண வேலை இது? பிள்ளைங்க வாழ்க்கையோட விளையாடறவனை வேலையை விட்டே தூக்கணும்!”

இவ்வளவு நேரமும் தன்னைத் திட்டியவர் இப்போது வேறு ஒருவரைத் திட்டுவதில் டெக்னீஷியனுக்குத் தெம்பு வந்துவிட்டது. “அவங்க போன ஸ்கூலோட ஹெட்மாஸ்டர்தான் சார். வந்தவங்க இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்காங்கன்னு நினைச்சு, நல்லா ஊதறவங்களா பொறுக்கி எடுத்து நிறுத்திட்டார். அதோட விட்டாரா? மறுநாள் போன் பண்ணி, ‘எங்க ஸ்கூலுக்கு எத்தனாவது இடம்?’னு வேற கேட்டாராம்!”

அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. இரண்டாவது குத்துக்கு ஓங்கிய கை மெதுவாகக் கீழே இறங்கி, மேஜையில் இல்லாத தூசியைத் தட்டியது.

“சரி, சரி. இவங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும். நீ வாம்மா, போலாம்,” என்றார்.

பெண் மூக்கிலிருந்த கிளிப்பைக் கழற்றி வைத்தாள். எழுந்திருக்கவில்லை. அழுகை வந்தது, ஆனால் கோபம் அதை முந்திக்கொண்டது.

“அன்னிக்கு லைன்ல நின்ன என்னை, ‘நீ சாதாரணம், கிளாஸுக்குப் போ’ன்னு விரட்டினது நீங்கதானே, ஹெட்மாஸ்டர் சார்?”