சந்தனமாரியின் இடக் கண்

உப்பளத்து வெயில் சந்தனமாரியின் இரண்டு கண்களிலும் புரை வளர்த்திருந்தது. வலக் கண்ணுக்குக் கம்பெனியே இலவசமாக லென்ஸ் வைத்துவிட்டது. கூச்சம் போனது, பாத்தியில் உப்பு பளிச்சென்று தெரிந்தது.

சில நாட்களில் கால் எரிகிறதே என்று குனிந்து பார்த்தாள். பாதம் வழுவழுவென்று புதிதாக இருந்தது. வலக் கண்ணைப் பொத்திக்கொண்டு, புரை விழுந்த இடக் கண்ணால் பார்த்தாள். மங்கல்தான். ஆனால் உப்புத் தண்ணீர் அரித்த புண்கள் அப்படியே இருந்தன.

இன்று இடக் கண்ணுக்கு முறை. கம்பெனி நடத்தும் கண் முகாமில் டாக்டர் கனிவாகத்தான் கூப்பிட்டார்.

"வாங்கம்மா, சின்ன வேலைதான்."

"இந்தக் கண்ணுக்கு வேண்டாம் டாக்டர்."

"இப்படியே விட்டா பார்வை முழுசாப் போயிரும்மா."

"அந்தக் கண்ணுல என் புண்ணே காணாமப் போயிட்டு. இது போறப்ப போவட்டும்."

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் குறுக்கிட்டார். "ரெண்டு கண்ணும் மாத்தாதவங்களுக்கு நாளையிலருந்து அளத்துல வேலை இல்ல."

"ஒரு மங்கக் கண்ணுக்கா சார் இம்புட்டுப் பயப்படுதீய?"

கேட்டுவிட்டு வெளியே வந்தாள். இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்த பெண்கள் லாரிக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் ஜெபக்கனி சேலையைத் தூக்கிக் காலை நீட்டினாள்.

"எரியுதுக்கா. பாத்தா ஒண்ணுமில்ல. நீ பாத்துச் சொல்லு."

சந்தனமாரி வலக் கண்ணைப் பொத்திக்கொண்டு, மண்ணில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்தாள்.

"குதிகால்ல ரெண்டு. விரலிடுக்குல சீழ் வச்சிருக்கு" என்றாள், உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள்.