அசைந்தால் கலங்கும்

"கூடத்துல புகை மாதிரி இருக்கே, அது என்ன?" கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த தன் வீட்டைக் காட்டிக் கேட்டார் வீட்டுச் சொந்தக்காரர்.

"நீங்களும் உங்க மிஸஸும்தான் சார்" என்றார் ஆர்க்கிடெக்ட். "அன்னைக்கு வீட்டை அளவெடுக்க வந்தப்போ கூடத்தோட ஒவ்வொரு மூலையிலயும் லேசர் ஸ்கேனரை வெச்சு எடுத்து, எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்திருக்கோம். கொஞ்சம் அசைஞ்சாலும் ஆள் கலங்கிடும்."

"எப்படி அசையாம இருப்போம்? அப்பாவோட ரூமை இடிச்சுக் கூடத்தோட சேர்க்கலாமான்னு அவர்கிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தோமே! மனுஷன் கண்ணைக்கூடத் திறக்கலை. 'இப்படியே கல்லு மாதிரி உக்காந்திருங்க'ன்னு கத்திட்டு ஆபீஸ் போயிட்டேன். சாயங்காலம் வந்து எழுப்பினா..." அவர் குரல் உடைந்தது. "என் பேச்சுதான் சார் அவரைக் கொன்னுடுச்சு."

ஆர்க்கிடெக்ட் மவுஸை நகர்த்தினார். திரையில் அப்பாவின் நாற்காலி நெருங்கி வந்தது. விரல் நகம், சட்டைப் பொத்தான், சாய்ந்த தலை என்று எல்லாமே துல்லியமாக இருந்தன.

"முதல் ஸ்கேன், நீங்க பேச்சை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது சார். அதுலேர்ந்து கடைசி ஸ்கேன் வரைக்கும் அவர் ஒரு இம்மிகூட நகரலை."

"அப்போ, நான் பேசினது?"

"எதுவுமே அவர் காதுல விழுந்திருக்காது."

மகன் பெருமூச்சு விட்டார். பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

புகை கூடம் முழுக்கப் பரவியிருந்தது. அப்பாவின் நாற்காலிப் பக்கம் மட்டும் துளிகூட இல்லை.