உடையப்பன் மெஸ்ஸுக்குப் போகாத அரிசி

“டாக்டரைப் பார்க்கப் போற வண்டியில எதுக்கு மச்சான் அரிசி மூட்டை?”

ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்ற ஃபஸ்னாவுக்குக் கோபம். கடை ஆட்கள் இரண்டு பேர் பிக்கப்பின் பின்பக்கத்தில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“மொதலாளி சொல்லிட்டாரு. வரும்போது உடையப்பன் மெஸ்ஸுல இறக்கிட்டு வரணுமாம்” என்றான் மீராசா.

“பொண்டாட்டியைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறதுலயும் அவருக்கு ஒரு டெலிவரி! என் பிள்ளை பொறக்கும்போதே மூட்டையைத் தூக்கிட்டுத்தான் வரப்போகுது, பாருங்க.”

அரபு நாட்டில், முவைலாவில் சாதிக் பாட்ஷாவின் அரிசிக் கடையில் மீராசாவுக்குக் கவுண்டரில் வேலை. லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் கடையின் பிக்கப்பை மொதலாளி கொடுப்பார். முன்னால் இரண்டு வரிசை சீட்டு, பின்னால் டன் கணக்கில் சுமக்கிற பெரிய வண்டி.

போன மாதம் அதில் போனபோது, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் வண்டியின் பின்பக்கம் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. ஃபஸ்னாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டரம்மா முகத்தைச் சுருக்கினார்.

“இப்படிக் குலுங்கவே கூடாது. வலி நிக்கலைன்னா, புள்ளத்தாச்சியை ஃப்ளைட்டுல ஏத்திக்கிற மாசம் தாண்டுறதுக்குள்ள ஊருக்குப் போயிடும்மா.”

ஊருக்குப் போனால்? மீராசாவுக்கு லீவு கிடையாது. தலைப்பிள்ளையின் முகத்தை அவன் போனில்தான் பார்க்கணும்.

“டாக்ஸியில போவோமே” என்றான் மீராசா.

“மீட்டர் ஓடுறதைப் பார்த்தே எனக்கு வலி வந்துரும் மச்சான்.”

அதனால் அவளே துணிந்து, அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிற மொதலாளியிடம் போய் நின்றாள்.

“காக்கா, பக்கத்துக் கடை ஜெயசீலன் அண்ணன் வண்டிக்குப் பின்னாடி ஏர் சஸ்பென்ஷன் போட்டிருக்காங்களாம். ஸ்பிரிங் பட்டைகூட காத்துப் பையும் சேர்ந்து தாங்குமாம். மெத்தையில போற மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. நம்ம வண்டிக்கும் போடலாம்ல?”

சாதிக் பாட்ஷா கல்லாவிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அது சாமான் ஏத்துற வண்டிம்மா. ஊஞ்சல் ஆடுறதுக்கு இல்ல. கலாஸ், பேச்சு முடிஞ்சுது.”

அதற்கு அடுத்த செக்கப்பில்தான் இந்த அரிசி மூட்டை.

சரி, இறக்கினார்களா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியதும் மொதலாளியின் போன் வந்தது.

“மீராசா, உடையப்பன் இன்னிக்கு அரிசி வேணாங்குறான். திருப்பிக் கடைக்கே கொண்டு வந்துடு.”

அடுத்த முறையும் மூட்டை. அடுத்த முறையும் அதே போன். அதற்கடுத்த முறையும் அப்படியே.

“அந்த மெஸ்ஸுல யாரும் சோறே திங்கிறதில்லையா?” என்று ஃபஸ்னா பல்லைக் கடித்தாள். பிறகு அவளுக்கே ஆச்சரியம். “ஆனா மச்சான், இப்பல்லாம் வண்டி குலுங்கவே மாட்டேங்குது. இடுப்பும் வலிக்கல.”

மீராசா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். “ஓட்டுற கை அப்படி!”

டாக்டரம்மாவும் சிரித்தார். “ஊருக்கெல்லாம் போக வேணாம். இங்கேயே பெத்துக்கலாம்.”

இங்கேயேதான் பெற்றாள். பெண் குழந்தை. முதலில் கையில் வாங்கியது மீராசாதான். மர்ஜானா என்று அவன்தான் பெயர் சொன்னான். சொல்லும்போதே அழுதும் தொலைத்தான்.

வீட்டுக்குக் கிளம்புகிற நாள். பின் சீட்டில் குழந்தைச் சீட்டைக் கட்டி, பிள்ளையைப் படுக்கவைத்து, நிமிர்ந்து பார்த்தாள் ஃபஸ்னா. வண்டியின் பின்பக்கத்தில், அடுக்கடுக்காக அரிசி மூட்டை.

“இன்னிக்குமா!”

“மொதலாளிதான்…” என்று இழுத்தான் மீராசா.

“உங்க மொதலாளிக்கு நெஞ்சும் ஸ்பிரிங் பட்டை மாதிரி இரும்புதான். விடுங்க வண்டியை உடையப்பண்ணன் மெஸ்ஸுக்கு. அவர் போன் வர்றதுக்குள்ள நானே பேசிக்கிறேன்.”

மெஸ் வாசலில் வண்டி நின்றது. உடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“அண்ணே, இன்னிக்காவது இந்த அரிசியை வாங்கிக்குங்கண்ணே. பிள்ளையே பொறந்தாச்சு, உங்க அரிசி இன்னும் இறங்கல.”

உடையப்பன் முழித்தார். “என்ன அரிசிம்மா? நான் யாருகிட்டயும் கேக்கலையே!”

“நீங்க கேட்டதா மொதலாளி சொன்னாரே?”

“சாதிக் பாயா? அவருகிட்டப் பேசியே ரொம்ப நாளாச்சும்மா. சரி, பச்சப்புள்ளையோட வந்து நிக்கிறீங்க, இல்லைன்னு சொல்ல மனசு வரல. இறக்குங்க, வச்சுக்குறேன்.”

ஃபஸ்னாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பார்த்தீங்களா மச்சான்? மொதலாளிக்குப் போனைப் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்குறேன்.”

“மொதலாளி, நல்ல சேதி!” என்றான் மீராசா. “உடையப்பண்ணன் அரிசியை எடுத்துக்கிறாராம். மூட்டையை எல்லாம் இப்பவே இறக்கிடுறேன்.”

போனில் சாதிக் பாட்ஷா அலறினார்.

“அட கிறுக்கா, இறக்காதே! வெறும் வண்டி குதிக்கும்டா, பச்ச உடம்புக்காரி உட்கார்ந்திருக்கா! அந்தப் புள்ள கேட்ட காத்துப் பைக்குக் கேரேஜ்ல அன்னிக்கே சொல்லிட்டேன், இன்னும் வந்து சேரல. அது வர்ற வரைக்கும் என்கிட்ட இருக்குறது அரிசி மூட்டைதானேப்பா!”