ஓட்டையை நெருங்கும் எச்சில்

2005-ல், சிவகாசிக்கு வாக்கப்பட்டு வந்த ஸ்ரீமதி கருந்துளைகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கருந்துளை திடீரென்று எக்ஸ் கதிர்களைக் கக்குவதாகவும், அதைச் சுற்றும் வாயுத்தட்டு உள்ளே நெருங்குவதாகவும் மின்னஞ்சல் வந்தது.

அன்று பாத்திரம் கழுவப் போனாள். தொட்டியில் எச்சில் சோறும் மீன்முள்ளும் வடியாமல், வட்டமாகச் சுழன்று ஓட்டையை நெருங்கிக்கொண்டிருந்தன. தொட்டால் சுட்டது. நாறியது.

"அடைப்புத்தான், தள்ளிக்கோ," என்று மாமியார் பொன்னுத்தங்கம் கையை விட்டாள்.

"வேண்டாம் அத்தே, எடுத்துருங்க!"

இரண்டு விரல்கூட நுழையாத ஓட்டையில் கை முழங்கைவரை போனது. ஸ்ரீமதி பிடித்து இழுத்தாள். வழவழவென்று வெளியே வந்த உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை. அன்றிரவு அந்தக் கை பிசைந்த சோற்றை ஸ்ரீமதியால் விழுங்க முடியவில்லை.

மறுமாதம் கருந்துளை அடங்கியது, வாயுத்தட்டு பின்வாங்கியது. தொட்டியிலும் எச்சில் ஓட்டையை விட்டு விலகி நின்றது. ஓட்டைக்குள்ளிருந்து நீளமாக ஓர் ஏப்பம் வந்தது.