காலரில் மினுமினுப்பு

அவர் தன் சட்டையைத் தானே துவைக்க ஆரம்பித்த அன்றே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மகாராஜா. இப்போதெல்லாம் வேலை விட்டு வந்ததும் நேரே குளியலறை. குளித்து, சட்டையை அலசிப் பிழிந்த பிறகுதான் மகளையே தூக்குகிறார்.

வேலை துணிக்கடையில், பெண்கள் பிரிவில். கேட்கவா வேண்டும்?

இன்று அவர் குளிக்கிற நேரம் பார்த்து, தாழ்ப்பாள் சரியில்லாத கதவின் இடுக்கில் கைவிட்டுச் சட்டையை உருவிவிட்டேன்.

காலரில் மினுமினுப்பு. தோளிலும். தேய்த்துப் பார்த்தால் விரலில் ஒட்டியது.

அழகு நிலையம் வைத்திருக்கும் தங்கைக்குப் படமெடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அக்கா, கண்ணிமையில பூசற பவுடர் மாதிரிதான் இருக்கு. மைக்காக் கல்ல அரைச்சுப் போட்டாத்தான் இப்படி மினுங்கும். லிப்ஸ்டிக், நகப்பூச்சு, ஏன், பற்பசையிலகூடப் போடறான். மாமா என்ன, கழுத்துலயா பல் தேய்க்கிறாரு?"

அவள் சிரித்தாள். நான் போனை வைத்தேன். எவளோ ஒருத்தி மினுக்கிக்கொண்டு வந்து என் புருஷன் தோளில் சாய்ந்திருக்கிறாள்.

சட்டையும் கையுமாகக் குளியலறை வாசலிலேயே நின்றேன். வெளியே வரட்டும், இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது.

உள்ளே இருமல். நிற்கவே நிற்காத இருமல். மனசு கேட்காமல் கதவைத் தள்ளினேன்.

வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாகக் குழாயைத் திருகினார். அதற்குள் பார்த்துவிட்டேன். துப்பிய சளியும் மினுங்கியது.

கண்ணுக்குப் பூசுவதை யாரும் நெஞ்சுக்குள் பூசிக்கொள்வதில்லை.

துணிக்கடையில் சேர்வதற்கு முன்னால் அவர் இருந்தது மைக்கா அரைக்கும் ஆலையில். இன்னும் கொஞ்ச காலம் அந்தத் தூசியைச் சுவாசித்தால் நுரையீரல் மிஞ்சாது என்று டாக்டர் எக்ஸ்ரேவைக் காட்டிச் சொன்னார். இனி அந்தப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆலையை விட்டார்.

"கடையில ஆளக் குறைச்சிட்டாங்க. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." என்றார், என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தபடி.

அடப்பாவி மனுஷா, ஒருத்தியை வைத்திருக்கக் கூடாதா? அவளிடமிருந்தாவது உன்னைப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேனே.