நாற்பது டாலர் தீர்மானம்

"வேணாம்னா வேணாம்தான்!" என்று எழுந்து நின்றார் தெல்மா. வயது எழுபத்தொன்பது. குரலுக்கு மட்டும் முப்பது.

கனடாவில் கிம்லி ஊர் முதியோர் மன்றத்தின் ஜனவரி மாதக் கூட்டம். பத்தொன்பது பேர், இரண்டு தட்டு அடுக்குக் கேக், ஒரே ஒரு விவகாரம்.

மன்றத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றுக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்திருந்தது. வியாழக்கிழமைக்குள் வாங்கினால் ஒன்றுக்கு நாற்பது டாலர். வெள்ளிக்கிழமை விடிந்தால் இருநூறு.

வாங்கலாம் என்று தீர்மானம் கொண்டு வந்தவர் வெர்ன். பின்னே, அவர் கொண்டு வராமல் யார் கொண்டு வருவது? புதன்கிழமைதோறும் அந்த ஆறு கம்ப்யூட்டர்களின் முன்னால் மற்றவர்களை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறவர் அவர்தான். ஊரே அவரை 'புரொபசர்' என்று கூப்பிட்டது. முப்பத்திரண்டு வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியபோது யாரும் அவரைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை.

ஆனால் புரொபசருக்கு ஒரு சங்கடம். புது சிஸ்டத்தை நவம்பரிலேயே வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டார். நாலு நாள் முட்டி மோதினார். திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள். எதைத் தொட்டாலும் வானிலை அறிக்கை வந்தது. வெளியே குளிர்கிறது என்பது அவருக்கே தெரியும். ஐந்தாம் நாள் வினிபெக் நகரிலிருந்து ஆள் வரவழைத்து, பழையதையே திரும்பப் போட்டுக்கொண்டார். மனைவி நோரீனைத் தவிர யாருக்கும் தெரியாது.

தீர்மானம் ஜெயித்தால் அடுத்த புதன்கிழமையே சாயம் வெளுத்துவிடும். கொண்டு வராமலே இருந்தாலோ, "என்ன புரொபசர், சும்மா இருக்கீங்க?" என்று கேட்பார்கள்.

ஆகவே, தோற்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே, ஜெயிக்க வேண்டும் என்று பேசினார். கெட்ட நேரம், நன்றாகவே பேசிவிட்டார். ஒவ்வொரு தலையாக ஆட ஆரம்பித்தது.

அந்த நேரத்தில்தான் தெல்மா எழுந்தார்.

"மவுஸைப் பிடிச்சு நேரா நகர்த்தவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இப்பத்தான் பேரப் பிள்ளைங்க போட்டோவைப் பார்க்கப் பழகியிருக்கேன். மறுபடியும் முதல்லேருந்தா? நாற்பது டாலர் இல்ல, சும்மா குடுத்தாலும் வேணாம்!"

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது வெர்னுக்கு. ஆனால் புரொபசர் பட்டம் விடுமா?

"தெல்மா, உங்களை விட்டா குழல் விளக்கைக்கூட ஊதித்தான் அணைப்பீங்க!"

"அணைப்பேன். கரண்டு பில்லு நீயா கட்டுறே?"

"துணி துவைக்க இன்னும் ஏரிக்குத்தான் போறீங்களா?"

"இப்ப ஏரி உறைஞ்சு கிடக்கு. மே மாசம் போவேன். உன் சட்டையையும் குடு, துவைச்சுத் தர்றேன்."

கூடமே சிரித்தது. ஆனாலும் தெல்மா மூட்டிய பயம் வேலை செய்தது. "எனக்கும் அந்தக் கவலைதான்" என்று பின்வரிசையில் முணுமுணுப்பு கேட்டது.

தலைவர் ஸ்டெஃபான் மேஜையைத் தட்டினார். "ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

ஏழு கைகள். அதில் வெர்னின் கை காது உயரத்துக்குக்கூடப் போகவில்லை.

"எதிர்க்கிறவங்க?"

பதினொன்று.

வெர்ன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "இந்த ஊர் உருப்படாது!" என்று பெருமூச்சு விட்டார். பிறகு மூன்று துண்டு கேக் சாப்பிட்டார்.

வெளியே எல்லார் கார்களும், இஞ்சின் உறையாமலிருக்க மின் ஒயரில் மாட்டிக் கிடந்தன. வெர்ன் தன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, தெல்மா கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்தார்.

தோற்றுப்போன நிம்மதியில் வெர்னுக்குத் தாராள மனசு வந்துவிட்டது.

"மனசுல வச்சுக்காதீங்க தெல்மா. புதுசுன்னா சில பேருக்குப் பயம் வரத்தான் செய்யும்."

"வரும், வரும். எனக்கும் வந்துச்சே, அக்டோபர்ல. கடைக்கு வந்த அன்னிக்கே வாங்கிப் போட்டேனா, ஒரு வாரம் ஒண்ணும் புரியல. அப்புறம் பழகிடுச்சு."

வெர்ன் சுருட்டிய ஒயர் பாதியில் நின்றது.

"நோரீன் போன் பண்ணினா" என்றார் தெல்மா. "'அந்தப் புதன்கிழமை வகுப்பு மட்டும் போயிடுச்சுன்னா இந்த மனுஷன் சுருண்டு படுத்துடுவார்'னு அழுதா. அதான் இன்னிக்கு எழுந்து நின்னேன்."

வெர்னுக்கு, மைனஸ் முப்பதிலும் காது சுட்டது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "அப்போ அந்த நாற்பது டாலர் சலுகை போச்சே!" என்றார்.

"போகல. ஆறு கம்ப்யூட்டருக்கும் போன வாரமே வாங்கி வச்சுட்டேன். மார்ச் கூட்டத்துல மறுபடியும் தீர்மானம் கொண்டு வா. உன் பேச்சைக் கேட்டு மனசு மாறிட்டேன்னு முதல் கையை நானே தூக்குறேன். அதுவரைக்கும் திங்கட்கிழமைதோறும் மத்தியானம் என் வீட்டுக்கு வந்துடு. பின்வாசல் வழியா."

"பின்வாசலா? யாராவது பார்த்தா நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுப் பேசுவாங்களே தெல்மா!"

"பேசட்டுமே. இந்த வயசுல எனக்கு அது பெருமைதான். நீ என்கிட்ட பாடம் படிக்க வர்றேன்னு பேசினாத்தான் உனக்கு ஆபத்து."